எந்த நூல், எவருக்கு?

நூலகம் என்றவுடன் நம் கண்முன் வந்து நிற்பவை அலமாரிகளே. அலமாரிகள் நிறைந்திருந்தால் நூலகம் சிறந்தது என்று எண்ணிவிடுகிறோம். ஆனால் அலமாரி நிறைவது ஒன்று. அதிலுள்ள நூல்கள் மாணவியரின் கைகளைச் சென்றடைவது வேறொன்று. கண்ணாடிக் கதவுக்குப் பின்னால், பொன்னெழுத்துகள் மின்ன, ஆண்டுக்கணக்காக அசையாமல் நிற்கும் தடித்த நூல்களை நாம் எல்லாரும் பார்த்திருக்கிறோம். அவை தீய நூல்கள் அல்ல. பெரும்பாலும் மிக நல்ல நூல்களே. அவற்றை வாங்கியவர்கள், "இது நல்ல நூலா?" என்று கேட்டிருப்பார்கள். "இதை எடுத்துப் படிக்கப் போகிறவள் யார்?" என்று கேட்டிருக்க மாட்டார்கள். சிறுமியருக்கும், நம்மைப் போன்ற வளரிளம் பருவத்தினருக்கும் நூல் தேர்ந்தெடுக்கையில் இந்த இரண்டாம் கேள்வியே முதலில் வரவேண்டும் என்பது எங்கள் கருத்து. அதனைச் சில சான்றுகளுடன் இங்கு ஆராய்வோம்.

இக்கருத்து தமிழகத்துக்குப் புதிதன்று. சீர்காழியில் 1892-ஆம் ஆண்டு பிறந்த எஸ். ஆர். அரங்கநாதன் அவர்கள் 1924-இல் சென்னைப் பல்கலைக்கழகத்தின் நூலகராகப் பொறுப்பேற்றார். 1931-இல் வெளிவந்த தம் ஆங்கில நூலில் நூலகத்துறைக்கு ஐந்து விதிகளை வகுத்துத் தந்தார். நூல் என்பது காத்து வைப்பதற்கன்று, பயன்படுத்துவதற்கே என்பது முதல் விதியின் பொருள். வாசகர் ஒவ்வொருவருக்கும் தமக்கேற்ற நூல் கிடைக்க வேண்டும். நூல் ஒவ்வொன்றும் தனக்கேற்ற வாசகரை அடைய வேண்டும். வாசகரின் நேரம் வீணாகக் கூடாது. நூலகம் உயிருள்ள பொருளைப் போல வளர்ந்துகொண்டே இருக்கும் என்பன ஏனைய நான்கின் கருத்து. அவர் பிறந்த நாளாகிய ஆகஸ்டு 12-ஐ இன்றும் தேசிய நூலகர் நாளாகக் கொண்டாடுகிறோம். நூலகராவதற்கு முன் அவர் கல்லூரியில் கணிதம் கற்பித்தவர். கணக்கு ஆசிரியர் ஒருவர் இத்தனை எளிமையாக விதி சொன்னார் என்பது, கணக்குப் பாடவேளை என்றாலே நடுங்கும் நம்மில் சிலருக்கு ஆறுதலாக இருக்கும்!

இவ்விதிகளுள் இரண்டாவதையும் மூன்றாவதையும் சேர்த்து வைத்துப் பார்த்தால் பள்ளி நூலகத்தின் தலையாய சிக்கல் விளங்கும். ஒரே பள்ளியில் எட்டு வயதுச் சிறுமியும் இருக்கிறாள். பதினைந்து வயது மாணவியும் இருக்கிறாள். அதுமட்டுமன்று. ஆறாம் வகுப்பில் அருகருகே அமர்ந்திருக்கும் இரு சிறுமியரில் ஒருத்தி ஒரே மூச்சில் நூறு பக்கம் படிப்பாள். மற்றவள் ஒவ்வோர் எழுத்தாகக் கூட்டித்தான் படிப்பாள். முன்னவளின் வீட்டில் நாளிதழ் வரும், கதை சொல்லப் பாட்டி இருப்பார். பின்னவளின் வீட்டில் பாடநூலைத் தவிர வேறு அச்சிட்ட தாள் என்று இருப்பது நாட்காட்டி மட்டுமாக இருக்கலாம். முன்னவளுக்கு நூலகம் இல்லாவிட்டாலும் எப்படியாவது நூல் கிடைத்துவிடும். பின்னவளுக்கு வாரம் ஒருமுறை வரும் நூலகப் பாடவேளையை விட்டால் வேறு வழியில்லை. ஆகவே நூல் தேர்வு செய்பவர் இவளை நினைத்துத்தான் தொடங்க வேண்டும்.

இவளுக்கு எத்தகைய நூல் தருவது? மூன்றாம் வகுப்புக்குரிய நூலைக் கொடுத்துவிடலாமே என்று தோன்றும். அங்கேதான் தவறு நேர்கிறது. எழுத்துக் கூட்டிப் படிப்பவள் ஆயினும் அவள் வயது பதினொன்று. காக்கையும் நரியும் பேசும் கதையைத் தோழியர் நடுவில் கையில் பிடிக்க அவளுக்கு வெட்கமாக இருக்கும். அதைவிடப் படிக்காமலே இருந்துவிடலாம் என்று முடிவு செய்வாள். நடை எளிதாக இருக்க வேண்டும். பொருள் மட்டும் அவள் வயதுக்குக் குறையாததாக இருக்க வேண்டும். அத்தகைய நூல்களைத் தேடி எடுப்பது கடினந்தான். ஆயினும் கிடைக்காமல் இல்லை. வீரமாமுனிவர் எழுதிய பரமார்த்த குருவின் கதையையே எடுத்துக்கொள்வோம். இத்தாலியிலிருந்து வந்த குரு ஒருவர் தமிழில் எழுதிய நகைச்சுவைக் கதை அது. குருவும் அவருடைய ஐந்து சீடர்களும் செய்யும் மடமைகள் தனித்தனி நிகழ்ச்சிகளாக வருவதால், ஒரு பாடவேளையில் ஒன்றைப் படித்து முடித்துவிடலாம். எளிய நடையில் மெல்லிய நூலாகவும் அதை அச்சிடுகிறார்கள். ஆறாம் வகுப்பு மாணவி சிரித்தால் அதைக் கேட்டுப் பத்தாம் வகுப்பு மாணவியும் வந்து எட்டிப் பார்ப்பாள். இதில் வெட்கப்பட ஒன்றுமில்லை.

நூலின் அட்டையில் "நான்காம் வகுப்புக்கு" என்று முத்திரை குத்துவதும் எங்களுக்கு உடன்பாடன்று. தமிழக அரசு பள்ளிகளில் தொடங்கிய வாசிப்பு இயக்கத்தின் சிறு நூல்கள் நுழை, நட, ஓடு, பற என்று நான்கு படிகளாகப் பிரிக்கப்பட்டுள்ளன. வகுப்பின் எண்ணைச் சொல்லாமல் வாசிப்பின் படியை மட்டும் சொல்லும் இம்முறை மிகவும் போற்றத்தக்கது. எட்டாம் வகுப்பு மாணவி ஒருத்தி "நட" என்று எழுதிய நூலை எடுத்தால், அவளை யாரும் நான்காம் வகுப்பு என்று கேலி செய்ய இயலாது.

ஒரு நூல் ஒருத்திக்குக் கடினமா என்று அறிய ஆசிரியைகள் கையாளும் எளிய முறை ஒன்று உண்டு. நூலின் நடுவில் ஏதேனும் ஒரு பக்கத்தைத் திறந்து படிக்கச் சொல்ல வேண்டும். தெரியாத சொல் வரும்போதெல்லாம் ஒரு விரலை மடக்கிக்கொள்ள வேண்டும். பக்கம் முடிவதற்குள் ஐந்து விரலும் மடங்கிவிட்டால், அந்த நூலை இப்போதைக்கு வைத்துவிடலாம். தமிழில் இம்முறையை நடுப்பக்கத்தில்தான் செய்ய வேண்டும் என்பது எங்கள் அனுபவம். ஏனெனில் முன்னுரையில் பெரியோர் பலர் மிகக் கடினமான தமிழில் வாழ்த்தியிருப்பார்கள். சிறுமி முன்னுரையிலேயே பத்து விரலையும் மடக்கிவிடுவாள்.

பழைய நூல்களைத் தேர்ந்தெடுக்கையில் நம்மில் பலர் கவனியாத மற்றொரு செய்தியும் இருக்கிறது. 1978-இல் தமிழ்நாடு அரசு எழுத்துச் சீர்திருத்தத்தை நடைமுறைக்குக் கொண்டு வந்தது. அதற்கு முன் அச்சான நூல்களில் லை, னை, ணை, ளை ஆகிய எழுத்துகள் யானையின் தும்பிக்கை போன்ற வளைவுடன் இருக்கும். றா, னா, ணா என்பனவும் வேறு வடிவில் இருக்கும். பெ. தூரன் அவர்களின் பொறுப்பில் பத்துத் தொகுதிகளாக வெளிவந்த குழந்தைகள் கலைக்களஞ்சியம் அரிய கருவூலம். ஆயினும் அது பழைய எழுத்திலேயே அச்சானது. ஒன்பதாம் வகுப்பினர் ஒருநாள் பழகினால் படித்துவிடலாம். மூன்றாம் வகுப்புச் சிறுமியோ இப்போதுதான் எழுத்துகளைக் கற்று முடித்தவள். "இது என்ன எழுத்து?" என்று திகைத்து மூடிவிடுவாள். ஒரே நூல் ஒருத்திக்குக் கருவூலமாகவும் மற்றொருத்திக்குப் பூட்டிய பெட்டியாகவும் இருப்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுமோ?

இனி நம் பருவத்துக்கு வருவோம். பன்னிரண்டு வயது வரை சிறுவர் நூல்கள் என்று சொல்லிக்கொள்ள நிறைய இருக்கின்றன. பதினெட்டுக்கு மேல் பெரியோர் நூல்கள் எல்லாம் திறந்திருக்கின்றன. இடையில் உள்ள நமக்குத் தமிழில் நூல்கள் குறைவு. எனவே நம் தோழியர் பலர் சிறுவர் கதையிலிருந்து நேரே மாத நாவலுக்குத் தாவிவிடுகிறார்கள். அதுவும் வீட்டில் தெரியாமல், பாடநூலுக்குள் மறைத்து வைத்து. இதைக் கண்ட பெரியோர் கதை நூலே வேண்டாம் என்று தடுக்கிறார்கள்.

இவ்விடத்தில் அவிலா புனித தெரேசாளின் இளமையை நினைவுகூர்வது பொருந்தும். 1515-இல் பிறந்து, 1970-இல் திருச்சபையின் மறைவல்லுநர் என்று அறிவிக்கப்பட்ட முதல் பெண்மணி அவர். தம் வரலாற்றைத் தாமே எழுதியபோது, சிறு வயதில் வீரர்களின் சாகசக் கதைகளில் தமக்கிருந்த மோகத்தை ஒளிக்காமல் எழுதியுள்ளார். அவருடைய தாய்க்கும் அக்கதைகள் பிடிக்கும். தந்தைக்குப் பிடிக்காது, ஆகவே அவர் கண்ணில் படாமல் படித்தார்கள். அக்கதைகள் தமக்குத் தீங்கு செய்ததாகவே புனிதை பின்னாளில் கருதினார். அவருடைய சொல்லை மறுக்க நாங்கள் யார்? ஆனால் வரலாறு அத்துடன் முடியவில்லை. அவருடைய சிற்றப்பா ஒருவர் நல்ல நூல்களில் நாட்டமுள்ளவர். தெரேசாள் அவர் வீட்டில் தங்கியபோது, அந்நூல்களைத் தமக்கு வாய்விட்டுப் படித்துக் காட்டச் சொன்னார். தெரேசாளுக்கு அவை அவ்வளவாகப் பிடிக்கவில்லை. ஆயினும் அவர் மனம் நோகக் கூடாதென்று பிடித்ததுபோல் காட்டிக்கொண்டார். (இதைப் படித்தபோது எங்களுக்குச் சிரிப்பு வந்தது. நாமும் செய்வதுதானே!) பின்னர் தெரேசாள் நோயுற்றிருந்த காலத்தில் அதே சிற்றப்பா, ஒசுனா என்னும் துறவி செபத்தைப் பற்றி எழுதிய நூலொன்றைக் கொடுத்தார். அந்நூல் அவருடைய வாழ்நாள் முழுவதற்கும் வழிகாட்டியாயிற்று.

தந்தை தடுத்தார், நூல்கள் மறைவாகப் படிக்கப்பட்டன. சிற்றப்பா உடன் அமர்ந்தார், காலம் பார்த்து ஒரு நூலைக் கையில் வைத்தார். மறைவாகப் படிக்கும் நூலைப் பற்றி யாரிடமும் ஐயம் கேட்க முடியாது. அதுவே அதிலுள்ள பெரும் ஆபத்து என்று எங்களுக்குத் தோன்றுகிறது. முற்காலத்தில் அலமாரியைப் பூட்டினால் போதும். இன்று கைபேசியில் எதுவும் கேளாமலே வந்து நிற்கிறது. இந்நிலையில், பொறுப்புள்ள எழுத்தாளர் எழுதி, ஆசிரியை ஒருவர் முன்னதாகப் படித்துப் பார்த்து, நூலகத்தில் வெளிப்படையாக வைத்த நூலே நமக்குப் பாதுகாப்பானது.

எடுத்துக்காட்டாக, யெஸ். பாலபாரதி எழுதிய "மரப்பாச்சி சொன்ன ரகசியம்" என்னும் சிறார் புதினம் 2020-ஆம் ஆண்டுக்குரிய சாகித்திய அகாதெமியின் பால சாகித்திய விருதைப் பெற்றது. குழந்தையிடம் ஒருவர் தகாத முறையில் நடந்துகொண்டால் அவள் அதை எப்படி வெளியே சொல்வது என்பதைப் பேசும் நூல் அது. "பெண்கள் பள்ளியில் இதையெல்லாம் வைக்கலாமா?" என்று சிலர் தயங்கக்கூடும். பெண்கள் பள்ளியில் வைக்காமல் வேறெங்கே வைப்பது? எங்கோ ஒரு வகுப்பில் ஒருத்தி இதைச் சொல்ல வார்த்தையின்றி அமர்ந்திருக்கலாம். அவளுக்கு அந்த நூல் கிடைக்காமற் போனால் அது சிறு இழப்பன்று.

ஆன் பிராங்க் எழுதிய நாட்குறிப்பும் இவ்வகையில் எண்ணத்தக்கது. தன் பதின்மூன்றாம் பிறந்த நாளாகிய 1942 ஜூன் 12 அன்று பரிசாகப் பெற்ற ஏட்டில் அவள் எழுதத் தொடங்கினாள். நாஜிகளுக்கு அஞ்சி மறைந்து வாழ்ந்த ஈராண்டுகளும் எழுதினாள். 1945-இல் சிறைமுகாமில் மாண்டாள். போருக்குப் பின் அவள் தந்தை 1947-இல் அதை அச்சிட்டபோது, அவள் தாயுடன் கொண்ட பிணக்கையும், வளரும் பருவத்தின் உடல் மாற்றங்களையும் குறித்து எழுதிய சில பகுதிகளை விட்டுவிட்டார். இறந்த மனைவியையும் மகளையும் எண்ணிய தந்தையின் மனத்தை நாம் குறை சொல்வதற்கில்லை. பிற்காலப் பதிப்புகளில் அப்பகுதிகள் சேர்க்கப்பட்டன. நூலகத்துக்கு எந்தப் பதிப்பை வாங்குவது? ஆறாம், ஏழாம் வகுப்புக்குச் சுருக்கப் பதிப்பு போதும். ஒன்பது, பத்தாம் வகுப்பினருக்கு முழுப் பதிப்பே வேண்டும் என்போம். தாயிடம் சினந்து பேசிவிட்டு இரவில் அழும் பதினான்கு வயதுப் பெண், தன்னைப் போல் இன்னொருத்தியும் இருந்தாள் என்று அறிவது அப்பக்கங்களில்தான்.

இத்தனை தொல்லை எதற்கு, நல்ல ரசனையுள்ள பெரியவர் ஒருவரிடம் தேர்வை ஒப்படைத்துவிட்டால் ஆகாதா என்று கேட்கலாம். நியூயார்க் பொது நூலகத்தில் நடந்ததை இதற்கு விடையாகச் சொல்லலாம். அங்கே 1906 முதல் 1941 வரை சிறுவர் பிரிவுகளுக்குத் தலைமை வகித்தவர் ஆன் கரோல் மூர் அம்மையார். சிறுவர் உயரத்துக்கேற்ற மேசை நாற்காலிகள், கதை சொல்லும் நேரம், சிறுவர் தாமே கையொப்பமிட்டு நூலை வீட்டுக்கு எடுத்துச் செல்லும் உரிமை ஆகியவற்றுக்காகப் பாடுபட்ட பெருமாட்டி. ஆனால் அவருக்குப் பிடிக்காத நூல் நூலகத்தில் நுழைவது அரிதாயிருந்தது. மார்கரெட் வைஸ் பிரவுன் எழுதி 1947-இல் வெளிவந்த "குட்நைட் மூன்" என்னும் படநூல், தூங்கப் போகும் முயல் குட்டி அறையிலுள்ள ஒவ்வொன்றுக்கும் இரவு வணக்கம் சொல்லும் எளிய நூல். ஓய்வு பெற்ற பின்பும் மூரின் செல்வாக்கு அந்நூலகத்தில் நிலைத்திருந்தது. அந்நூலகம் அதை வாங்க 1972 வரை, அதாவது இருபத்தைந்து ஆண்டுகள் ஆயின. அதற்குள் அமெரிக்கத் தாய்மார் எத்தனையோ பேர் அதைத் தம் குழந்தைகளுக்குப் படித்துக் காட்டிவிட்டனர். சிறுவருக்காக உழைத்த அம்மையாரின் ரசனைக்கே எட்டாத ஒன்று, இரண்டு வயதுக் குழந்தைக்கு எட்டியிருக்கிறது.

பணத்தைப் பற்றியும் ஒரு சொல். நூலகத்துக்கு ரூ. 10,000 ஒதுக்கப்பட்டதாக வைத்துக்கொள்வோம். பளபளப்பான தாளில் அச்சிட்ட கலைக்களஞ்சிய வரிசை ரூ. 6,000 என்றால், எஞ்சிய தொகைக்கு ரூ. 100 விலையில் நாற்பது நூல்களே வாங்கலாம். வரிசையை விட்டுவிட்டால் நூறு நூல்கள் கிடைக்கும். பெரிய வரிசைகளை மாவட்ட மைய நூலகத்தில் பார்த்துக்கொள்ளலாம். ஆண்டு விழாவுக்கு வரும் விருந்தினர் கண்ணில் படுவதற்காக அவற்றை வாங்க வேண்டியதில்லை. மாறாக, எல்லாரும் விரும்பும் நூலில் இரண்டு மூன்று படிகள் வாங்க வேண்டும். கல்கியின் பொன்னியின் செல்வன் ஐந்து பாகங்கள். முதற்பாகத்தை ஒருத்தி எடுத்துச் சென்று திருப்பித் தராவிட்டால், பள்ளி முழுவதும் வந்தியத்தேவனுக்காகக் காத்திருக்கும்! முதற்பாகத்தில் மட்டுமாவது மூன்று படிகள் வைப்பது அறிவுடைமை. கல்கியின் நூல்கள் நாட்டுடைமை ஆகிவிட்டபடியால் பல பதிப்பகங்கள் அவற்றை வெளியிடுகின்றன. விலை குறைவு என்று பார்த்து, எறும்பு ஊர்வது போன்ற எழுத்துள்ள பதிப்பை வாங்கிவிடாமல், கையில் எடுத்து விரித்துப் பார்க்க வேண்டும். தையல் இல்லாமல் பசையால் மட்டும் ஒட்டிய நூல் நம் கைகளில் ஒரு பருவம் தாங்காது.

வாங்குவதைப் போலவே நீக்குவதும் தேர்வுதான். அரங்கநாதனின் ஐந்தாம் விதியைப் பலர் "நூல்களைக் கூட்டிக்கொண்டே போவது" என்று பொருள் கொள்கிறார்கள். வளரும் உயிர் இலை உதிர்க்கவும் செய்யும் அன்றோ? பொது அறிவு நூல்களையும் அறிவியல் நூல்களையும் ஆண்டுதோறும் பார்க்க வேண்டும். கோள்கள் ஒன்பது என்னும் நூல் 2006-க்கு முற்பட்டது. அவ்வாண்டில் புளூட்டோ குறுங்கோள் என வகைப்படுத்தப்பட்டது. நம் நாட்டில் மாநிலங்கள் 29 என்னும் நூல் 2019-க்கு முற்பட்டது, இன்று 28. தமிழ்நாட்டின் மாவட்டங்கள் 32 என்று படித்துவிட்டு வினாடி வினாவில் எழுந்து சொல்கிறவளுக்கு மதிப்பெண் கிடைக்காது, இன்று 38. கதை நூல்களுக்கு இவ்விதி பொருந்தாது. கதை பழையதாகலாம், தவறாவதில்லை.

இறுதியாக, எங்கள் வகுப்பில் பேசி முடிவு செய்த ஒரு வேண்டுகோளை இங்கே வைக்கிறோம். நூலகத்தில் மேசைமீது ஒரு குறிப்பேடு வைக்க வேண்டும். பூட்டிய பெட்டி வேண்டாம், எல்லாரும் பார்க்கும்படி இருக்கட்டும். அதில் நான்கு கட்டங்கள். முதலாவதில் மாணவி தான் விரும்பும் நூலின் பெயரை எழுதுவாள். பெயர் தெரியாவிட்டால் "கடலைப் பற்றி", "பேய்க் கதை", "சைக்கிள் பழுது பார்ப்பது எப்படி" என்று பொருளை எழுதினாலும் போதும். இரண்டாவதில் அவளுடைய வகுப்பு. மூன்றாவதில், அதை ஏன் விரும்புகிறாள் என்று ஒரே வரி. நான்காவது கட்டம் நூலகப் பொறுப்பேற்றுள்ள அருட்சகோதரிக்கு உரியது. நூல் வாங்கப்பட்டால் அதன் வரிசை எண்ணை அவர் எழுதுவார். வாங்கப்படவில்லையெனில், பணமில்லை, அச்சில் இல்லை, இரண்டாண்டு கழித்துக் கேள் என்று எதுவாயினும் அதற்குரிய காரணத்தை எழுத வேண்டும். கட்டம் வெறுமையாக இருக்கக் கூடாது.

குறிப்பேட்டுக்கு அட்டை போட்டுக் கோடு கிழித்துத் தரும் பொறுப்பைப் பத்தாம் வகுப்பினர் ஏற்றுக்கொள்கிறோம். எழுதத் தெரியாத ஒன்றாம், இரண்டாம் வகுப்புத் தங்கையர் வாயால் சொன்னால், அருகில் நிற்கும் அக்கா எழுதிக் கொடுக்கலாம். அவர்கள் சொல்லும் சொல்லை மாற்றாமல் எழுத வேண்டும்.